தொட்டிலுக்கு அருகே ஒரு நூல்

நூல்களோ எண்ணில் அடங்கா. நாளுக்கோ இருபத்து நான்கே மணி. இந்த இரண்டுக்கும் இடையே நடக்கும் வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏடு தோன்றிய காலத்திலேயே அவ்வழக்கும் தோன்றிவிட்டது. மாளிகையில் வாழ்ந்த அறிஞனும் அதற்குத் தீர்ப்புத் தேடினான். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் படித்த ஏழை மாணவனும் தீர்ப்புத் தேடினான். ஆனால் அந்த வழக்கு மிகக் கடுமையாக நடைபெறும் இடம் அரண்மனையும் அன்று, பல்கலைக்கழகமும் அன்று. தொட்டில் கட்டிய வீடு!

குழந்தை பிறந்த வீட்டில் நேரம் நீளமாக இருப்பதில்லை. துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாலூட்ட ஒரு துண்டு, துணி அலச ஒரு துண்டு, அழுகையை ஆற்ற ஒரு துண்டு, அயர்ந்து கண்மூட அரைத் துண்டு. அந்த வீட்டில் முதலில் மூடப்படும் பொருள் புத்தகம். யாருடைய புத்தகம் என்று கேட்டுப் பாருங்கள்! தந்தையின் புத்தகம் சில திங்களில் மீண்டும் திறக்கிறது. தாயின் புத்தகமோ பல வீடுகளில் பரணுக்குப் போய்விடுகிறது; பிறகு பழைய காகிதக்காரனின் தராசுக்குப் போகிறது.

"இது இயற்கைதானே!" என்பார்கள் பெரியவர்கள். இயற்கை என்று ஓதப்படுவனவற்றுள் எத்தனை வெறும் பழக்கம் என்று பிரித்துக் காட்டுவதுதான் பகுத்தறிவின் வேலை. ஆகவே வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். குறைந்த நேரத்தில் நிறைந்த அறிவைத் தேடியவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுள் தாய்மார் இருந்தனரா? இருந்தனர் எனில், எப்படி வென்றனர்?

தொகுத்தவர் காத்தனர்

தேர்ந்தெடுத்தல் என்றதும் ஏதோ புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். தமிழனின் மிகப் பழைய இலக்கியச் செல்வத்துக்குப் பெயரே தொகை. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, புறநானூறு ஆகிய ஒவ்வொன்றும் ஏறத்தாழ நானூறு பாடல்கள் கொண்டது. பல்வேறு காலத்தில், பல்வேறு ஊரில், பல்வேறு புலவர் பாடியவற்றிலிருந்து எடுத்து, அடியின் அளவு பார்த்து, பொருள் பார்த்து அடுக்கிவைத்த கைகள் எவையோ, அவையே நமக்கு அந்நூல்களை அளித்தன. பாடியவனுக்கு ஈடாகத் தொகுத்தவனையும் நாம் போற்ற வேண்டும்.

ஏறத்தாழப் பதினைந்தாம் நூற்றாண்டில் மற்றொருவர் அந்த வேலையைச் செய்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் தொகுத்தது புறத்திரட்டு. பல நூல்களிலிருந்து ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைப் பொறுக்கி, பொருள் வாரியாக அதிகாரம் அதிகாரமாக வகுத்துவைத்தார். பின்னாளில் வையாபுரிப் பிள்ளை அதனைப் பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்தத் திரட்டு இல்லையேல் முத்தொள்ளாயிரம் நமக்கு வெறும் பெயராகவே நின்றிருக்கும். மூவேந்தரைப் பாடிய அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டில் இடம்பெற்ற நூற்றுச் சொச்சம் பாடல்களே இன்று அந்நூலின் பெயரைக் காக்கின்றன.

இந்த நிகழ்ச்சி இரண்டு பாடம் சொல்கிறது. எடுக்கப்பட்டது வாழ்ந்தது. எடுக்கப்படாதது மாண்டது. தேர்வு என்பது காக்கும் கை. அதே வேளையில் கைவிடும் கையுமாகும். எதை எடுப்பது என்பதில் கவனக்குறைவு கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே புத்தகம் தேடும் பெற்றோருக்கு அறவே இல்லை.

அச்சு கொணர்ந்த வெள்ளம்

உரோமாபுரியில் வாழ்ந்து, கி.பி. 65இல் மாண்ட செனக்கா, தம் நண்பன் லூசிலியசுக்கு எழுதிய மடல்களில் ஒன்றில் இச்சிக்கலை எடுத்துரைத்தார். பல நூல்களைத் தாவித் தாவிப் படிப்பவன் எங்கும் வேர் கொள்ளமாட்டான் என்பது அவர் கருத்து. நூலைச் சுவருக்கு அணியாக அடுக்கிவைத்துப் பெருமை பேசிய செல்வரையும் அவர் சாடினார். கையால் எழுதிய சுருள்கள் மட்டும் இருந்த காலத்திலேயே இந்தக் குரல்!

1455ஆம் ஆண்டு அளவில் செருமனியின் மைன்சு நகரில் குட்டன்பர்க் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். 1500ஆம் ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பாவில் ஏறத்தாழ 30,000 பதிப்புகள் வெளிவந்துவிட்டன. வாய்க்கால் வெள்ளமாயிற்று. சூரிச்சு நகரத்துக் கான்ராட் கெசுனர் என்ற இளைஞர் 1545இல் ஒரு பெரும் பட்டியலை வெளியிட்டார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழிகளிலும் எழுதிய ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களின் 10,000 நூல்கள் அதில் இடம்பெற்றன. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. உலகில் என்னென்ன நூல் இருக்கிறது என்று அறிவதற்கே ஒரு தடித்த நூல் வேண்டியதாயிற்று!

இங்கிலாந்தில் பிரான்சிசு பேக்கன் 1597இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், கல்வியைப் பற்றிய கட்டுரையில், நூல்களை உணவோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தார். எல்லா நூலுக்கும் ஒரே அளவு உழைப்பைச் செலவிடுவது அறிவுடைமை அன்று என்பது அதன் சாரம். 1665இல் பாரிசிலும் இலண்டனிலும் முதல் அறிவியல் இதழ்கள் தோன்றின. புதிய நூல்கள் எவை, அவற்றில் என்ன இருக்கிறது என்று எடுத்துரைப்பதும் அவற்றின் பணியாயிற்று. நூல் மதிப்புரை என்று நாம் இன்று சொல்வதன் பிறப்பிடம் அங்கேதான்.

தமிழில் முதல் அச்சு நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஆயினும் 1835இல் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை நீங்கிய பிறகே இங்கு வெள்ளம் பெருகத் தொடங்கியது.

இவ்வளவு பேரும் யார்? செனக்காவுக்கு அடிமைகள் இருந்தனர். பேக்கனுக்குப் பணியாளர் இருந்தனர். நேரம் போதவில்லை என்று அவர்கள் வருந்தினர், உண்மை. ஆனால் அவர்கள் மடியில் குழந்தை இல்லை. மடியில் குழந்தையோடு படித்தவரின் கதை வேறு. அதற்கு வருவோம்.

மெழுகுவத்தியைப் பறித்தார்கள்

இசுகாட்லாந்தில் 1780இல் பிறந்தார் மேரி. தந்தை கடற்படையினர். பெண்ணுக்குப் பையனுக்குரிய படிப்பு எதற்கு என்ற காலம் அது. பெண்களுக்கான ஒரு மாத இதழைப் புரட்டுகையில், புதிர்க் கணக்கு ஒன்றில் வினோதமான எழுத்துக்கள் கலந்து நிற்பதைக் கண்டார் அச்சிறுமி. "இது என்ன?" என்று கேட்டார். இயற்கணிதம் என்றார்கள். அந்த ஒரு சொல் அவர் வாழ்வைத் திருப்பியது.

யூக்ளிடின் வடிவ கணித நூலை அரும்பாடுபட்டுப் பெற்று, இரவில் படித்தார். வீட்டார் என்ன செய்தனர்? பாராட்டினரா? படுக்கைக்குச் சென்றதும் மெழுகுவத்தியை எடுத்துவிடும்படி பணியாளுக்குக் கட்டளையிட்டனர்! மேரி கலங்கவில்லை. பகலில் படித்த தேற்றங்களை இருளில் மனத்துக்குள்ளே ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தார். விளக்கைப் பறித்தவர்களால் விடையைப் பறிக்க முடியவில்லை.

1804இல் மணம். கணவர் சாமுவேல் கிரேக்குப் பெண்ணின் அறிவாற்றலில் நம்பிக்கை இல்லை. 1807இல் அவர் மாண்டார். இரண்டு ஆண் குழந்தைகளோடு, அதிலும் இளையது பால்குடி மறவாத நிலையில், பெற்றோர் வீடு திரும்பினார் மேரி. கைம்பெண்ணாகக் கிடைத்த சிறு பொருளுரிமை அவருக்கு ஒரு சிறு விடுதலையையும் தந்தது. சுற்றத்தார் ஏளனம் செய்ய, அவர் மீண்டும் நூலைத் திறந்தார். ஒரு கணித இதழ் அறிவித்த போட்டிக் கணக்கைத் தீர்த்து வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

இந்த இடத்தில்தான் நம் கட்டுரையின் மையம் இருக்கிறது. கைக்குழந்தைக்காரி, எஞ்சிய நேரமோ சொற்பம், கணித நூல்களோ ஏராளம். மேரி என்ன செய்தார்? கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கவில்லை. பின்னாளில் எடின்பரோவில் கணிதப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் வாலசிடம், "எதைப் படிக்க வேண்டும்?" என்று அறிவுரை கேட்டார். வாலசு ஒரு பட்டியல் தந்தார். இலக்ராஞ்சு, இலப்ளாசு முதலிய பிரெஞ்சு அறிஞர்களின் நூல்கள் அடங்கிய சிறு பட்டியல். முப்பதைக் கடந்த வயதில் அந்நூல்களை விலை கொடுத்து வாங்கினார். அந்தச் சிறு நூலகத்தைத் தம் கைப்பொருளாகப் பெற்ற மகிழ்ச்சியை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

1812இல் வில்லியம் சாமர்வில் என்ற மருத்துவரை மணந்தார். இவர் வேறு வகை மனிதர். மனைவியின் கல்வியைத் தம் பெருமையாகக் கொண்டார். இரண்டு மணங்களிலும் ஆறு பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் சிலரை இளமையிலேயே இழந்த தாய் மேரி. 1827இல், இலப்ளாசின் வானியல் நூலை ஆங்கிலத்தில் எடுத்துரைக்குமாறு புரூம் பிரபு வேண்டினார். மேரி இசைந்தார், செய்தி வெளியே தெரியக் கூடாது, தேறாவிடில் எழுத்துப்படியை நெருப்பிலிட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு! பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, வீட்டைக் கவனித்து, இடையிடையே எழுதினார். வாயில் மணி ஒலித்தால் தாள்களை மறைத்துவிட்டு விருந்தினரை வரவேற்பார். அவர்கள் சென்றதும் விட்ட இடத்தில் தொடர்வார். 1831இல் நூல் வெளிவந்தது. கேம்பிரிட்சு மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்தனர். 1835இல் அரசு வானியல் கழகம் அவரையும் கரோலின் எர்சலையும் மதிப்புறு உறுப்பினராக ஏற்றது. 1872இல் அவர் மறைந்தார்; 1879இல் ஆக்சுபோர்டில் தோன்றிய பெண்கள் கல்லூரி அவர் பெயரையே தாங்கிப் புகழ் பெற்றது.

மறைவுக்குப் பின் வெளிவந்த தம் நினைவு நூலில் மேரி ஒரு கூர்மையான செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஆண், வேலை இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் அவன் நேரம் அவனுக்குக் கிடைத்துவிடும். பெண்ணுக்கு அச்சலுகை இல்லை என்பது அதன் கருத்து. இரண்டு நூற்றாண்டு உருண்டோடிவிட்டது. நம் வீடுகளில் அந்த நிலை முற்றும் மாறிவிட்டதா? உங்கள் வீட்டுக் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விடை சொல்லுங்கள்!

அஞ்சலில் வந்த கல்லூரி

தனி ஒருத்தியின் துணிவு வியப்பூட்டும். ஊருக்கெல்லாம் வழி திறக்க அமைப்பு வேண்டும். அமெரிக்காவின் பாசுடன் நகரில் 1873இல் அன்னா டிக்னர் என்ற மாது அத்தகைய அமைப்பு ஒன்றைக் கண்டார். பாசுடன் பொது நூலகத்தை நிறுவியவர்களுள் ஒருவரின் மகள் அவர். வீட்டை விட்டு வெளியேற இயலாத பெண்களுக்கு வீட்டிலிருந்தே கல்வி: இதுவே அவ்வமைப்பின் நோக்கம்.

பெண் ஒருத்தி சேர்ந்தால், எல்லாத் துறையையும் அவள் தலையில் கொட்டமாட்டார்கள். வரலாறு, அறிவியல், கலை, இலக்கியம் என்ற துறைகளுள் தனக்கு விருப்பமானதை அவளே எடுத்துக்கொள்வாள். எந்த நூலை, எந்த ஒழுங்கில் படிப்பது என்று எழுதி வழிகாட்ட ஒரு பெண் இருப்பாள். நூல் அஞ்சலில் வரும். படித்ததைப் பற்றி அவள் மடல் எழுதுவாள். விடை மடல் வரும். நாள்தோறும் சிறிது நேரமாவது படிப்புக்கென்று ஒதுக்க வேண்டும் என்பதே கட்டளை. 1897 வரை நடந்த அந்த அமைப்பில் 7,000க்கு மேற்பட்ட பெண்கள் பயின்றனர். கட்டடம் இல்லை, மணி இல்லை, வருகைப் பதிவு இல்லை. தேர்ந்த நூலும், தவறாத நேரமும், மடல் எழுத ஒரு தோழியும் இருந்தனர். அடுப்படிக்கு அருகே கல்லூரி நடந்தது!

பட்டியலும் வேதமாகிவிடக் கூடாது

1886ஆம் ஆண்டு இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் சர் சான் லப்பக் உரையாற்றினார். உழைத்து ஓய்ந்து வரும் மனிதன் எந்த நூல்களைப் படிக்கலாம் என்று சொல்லி, நூறு நூல்கள் கொண்ட பட்டியலுக்கு வித்திட்டார். நாடெங்கும் விவாதம் மூண்டது. இரசுகின் என்ற பேரறிஞர் எழுதுகோலை எடுத்து அந்தப் பட்டியலில் வேண்டாதவற்றை அடித்தே காட்டினார்! ஒருவர் தந்த பட்டியலை மற்றவர் அடித்துத் திருத்தியது வெறும் வம்பு என்று கொள்ளலாகாது. பட்டியல் என்பது மனிதன் வகுத்தது. ஆகவே மனிதன் ஆராயத்தக்கது.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக நாற்பது ஆண்டு விளங்கிய சார்லசு எலியட், ஐந்தடி நீள அலமாரித் தட்டு ஒன்றே ஒருவனுக்கு நற்கல்வி தரப் போதும், நாளுக்குக் கால் மணி நேரம் படித்தாலே போதும் என்ற கருத்தை முன்வைத்தார். அதன் விளைவாக 1909, 1910 ஆண்டுகளில் ஐம்பது தொகுதிகள் வெளிவந்தன. விற்பனையாளர்க்கு அது நல்ல விளம்பரம். வாங்கியோர் பலர் தட்டை நிரப்பினரே அன்றித் தலையை நிரப்பவில்லை என்ற ஏளனமும் எழுந்திருக்கக்கூடும். ஆனால் அந்தக் கால் மணி நேரம் என்ற கணக்கைக் கேலி செய்து தள்ளிவிடாதீர்கள். போட்டுப் பாருங்கள்.

நாளுக்கு 15 நிமிடம். ஆண்டுக்கு 91 மணி நேரம். மணிக்கு 20 பக்கம் என்று மெதுவாகவே படித்தாலும் ஆண்டுக்கு 1,800 பக்கத்துக்கு மேல். 200 பக்க நூல் எனில் ஆண்டுக்கு ஒன்பது நூல். நாற்பது ஆண்டில் 360 நூல்! ஒன்றுமே இல்லை என்று எண்ணிய நேரத்தில் ஒரு சிறு நூலகம் ஒளிந்திருக்கிறது. ஆனால் அதே கணக்கு எச்சரிக்கவும் செய்கிறது. ஆண்டுக்கு ஒன்பதே நூல் என்றால், அவற்றுள் நான்கு குப்பையானால் அந்த ஆண்டில் ஏறத்தாழப் பாதி போயிற்று. நேரம் மிகுந்தவன் தவறான நூலைப் படித்தால் ஒரு மாலை இழக்கிறான். குழந்தை பெற்றவள் தவறான நூலைப் படித்தால் ஒரு மாதத்தையே இழக்கிறாள்.

சீர்காழி தந்த விதி

இழப்பு நேராமல் காப்பது யார் பொறுப்பு? வாசகனின் பொறுப்பு மட்டும்தானா? இல்லை என்று விடை தந்தார் சீர்காழியில் 1892இல் பிறந்த ஒரு கணித ஆசிரியர். அவர்தாம் எசு. ஆர். அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இலண்டன் சென்று பயின்று திரும்பி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். உலகெங்கும் இன்றும் நூலகர்கள் பயிலும் விதிகள் அவை. அவற்றுள் நான்காவது விதி, வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று வகுக்கிறது.

எண்ணிப் பாருங்கள்! அதுகாறும் நூலகம் என்பது நூலைப் பூட்டிக் காக்கும் கோட்டையாகவே பல இடங்களில் விளங்கியது. காவற்காரனிடம் கெஞ்சி நூல் பெறுவது போன்ற நிலை. அரங்கநாதன், வாசகர் தாமே தட்டுகளுக்கு இடையே சென்று பார்க்க வழி செய்தார். பொருள் வாரியாக அடுக்கு. தேடத் தக்க பட்டியல். தேடித் தர நூலகர். இத்தனையும் எதற்காக? அரை மணி நேரம் மட்டுமே கொண்டு வருபவர், அந்த அரை மணியையும் தேடுவதில் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காக.

அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நூலகத்துக்கு வர இயலாதவரைத் தேடி நூலகமே சென்றது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுவே. நூலகத்துக்கென்று வரி விதித்து, கல்வியைப் பொதுவுடைமையாக்கிய சட்டம். அந்த வரியை இன்று நாம் செலுத்துகிறோம். ஆனால் நம் ஊர் நூலகத்துக்குள் கைக்குழந்தையோடு ஒரு தாய் நுழைந்தால், அவளுக்கு உட்கார ஓர் இடம் உண்டா? பாலூட்ட ஒரு மறைவு உண்டா? குழந்தை சிணுங்கினால் முகம் சுளிக்காத மனிதர் உண்டா? நான்காவது விதி பிறந்த மண்ணில் இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

செய்யத் தக்கது

இளைஞர்களே, வரலாறு வழி காட்டுகிறது. நடப்பது நம் கால். ஆசிரியப் பணியில் இருப்பவன் நான். வீட்டில் ஏழு திங்கள் மகள். நானும் என் துணைவியும் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். மாலையில் அரை மணி அவருக்கு, அரை மணி எனக்கு. ஒருவர் படிக்கையில் மற்றவர் கையில் குழந்தை. அவருடைய அரை மணிதான் முதலில். ஏனெனில் இரண்டாவது அரை மணி பல நாள் வராமலே போய்விடும்! வீட்டில் ஒரு காலத்தில் ஒரு கனமான நூல், ஒரு சிறு நூல், அவ்வளவே. ஐம்பது பக்கம் படித்தும் அறிவுக்கும் உணர்வுக்கும் எதுவும் தராத நூலை மூடிவிடுகிறோம். தொடங்கியதை முடித்தே தீர வேண்டும் என்பதும் ஒரு மூட நம்பிக்கைதான். அதற்கும் விலக்கு வேண்டும்.

நள்ளிரவில் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு கைப்பேசியைத் தேய்ப்பவர் இன்று ஏராளம். துணுக்கு மேல் துணுக்கு, சண்டை மேல் சண்டை, வதந்தி மேல் வதந்தி. கண் சிவக்கிறது, கருத்துச் சிவக்கவில்லை. அங்கே தேர்ந்தெடுப்பவர் நீங்கள் அல்லர். உங்களுக்காக ஒரு பொறி தேர்ந்தெடுக்கிறது. உங்களுக்குப் பயன்படுவது எது என்று அது கேட்பதில்லை. உங்களை விடாமல் பிடித்து வைப்பது எது என்று மட்டுமே அது கணக்கிடுகிறது. தேர்வை மற்றவரிடம் ஒப்படைத்தவன் எண்ணத்தையும் விரைவில் ஒப்படைப்பான்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. தேர்ந்து படித்தல் என்ற பெயரில் நமக்கு இனிப்பதை மட்டுமே படிக்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒன்பது நூல் எனில், அவற்றுள் ஒன்றேனும் நாம் ஏற்காத கருத்தை வலுவாக எடுத்துரைக்கும் நூலாக இருக்கட்டும். எதிர்க்கருத்தைக் கேட்க மறுப்பவன், பகுத்தறிவு பேசினாலும், பக்தனே.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் படிப்பகத்தில் மாலைதோறும் நாளேடு புரட்டுவோர் எல்லாரும் ஆண்களாக இருப்பின், அதன் காரணத்தை ஆராயுங்கள். வாரத்தில் ஒரு நாள், நூல்களைப் பையிலிட்டுக் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு எடுத்துச் செல்லுங்கள். மன்னார்குடி மாட்டு வண்டி செய்ததை உங்கள் மிதிவண்டி செய்யட்டும். நூலைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்; அடுத்த வாரம் சென்று, "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பாசுடன் பெண்களுக்கு ஊக்கம் தந்தது நூலோடு வந்த அந்த மடல்தான்.

மேரியிடமிருந்து மெழுகுவத்தியைப் பறித்தார்கள். இன்று யாரும் விளக்கைப் பறிப்பதில்லை. வேலையை மேலே குவித்து நேரத்தைப் பறிக்கிறார்கள். பறித்ததைத் திருப்பித் தருவது பெருந்தன்மை ஆகாது, கடமை. தாய் படிக்கும் வீட்டில் வளரும் குழந்தை, எழுத்தறியும் முன்பே ஒன்றை அறிந்துகொள்கிறது: நூல் என்பது ஆணின் கைப்பொருள் அன்று, மனிதரின் கைப்பொருள் என்று. அந்தப் பாடத்தை எந்தப் பள்ளியும் அவ்வளவு எளிதில் கற்பித்துவிட முடியாது.